தராசுக்கு யார் சாட்சி

தராசு என் மேசையிலிருந்து மூன்றடி.
கையை வைத்தால் கையின் எடையைச் சொல்லும்.
ஆனாலும் அதன் கணக்கைத் திரையில் திறக்கப்போனால்
தினமும் ஒரு சிவப்பு முக்கோணம்:
இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல,
தராசென்று சொல்லிக்கொண்டு வேறு யாரோ
உங்களை ஏமாற்றக்கூடும்.

யார்?
அறையில் நான், தராசு,
கூரை ஒழுகலுக்கு வைத்த வாளி.
கெம்சியில் மே மாதம். மழை
பலகை பலகையாக எண்ணிக்கொண்டிருக்கிறது.
வெளியே சிப்பி மூட்டைகளோடு ஆட்கள் கத்துகிறார்கள்.

மேம்பட்டவை.
கீழே, பொடி எழுத்தில்: ஆபத்தை ஏற்றுத் தொடர்க.
பிறகு, நிச்சயமாகவா?
மூன்று சொடுக்கு, நாளைக்கு நாற்பது தடவை.
நான் ஏற்றுக்கொண்ட ஆபத்தில் பாதியைக்கூட
எங்கள் ஊர் முக்குளிப்பவர்கள் ஏற்றிருக்க மாட்டார்கள்.

படகு எஞ்சின் பார்க்கும் நாவெலின் மகள்
மில்லராய் காரணம் சொன்னாள்:
"தராசு தன் சான்றிதழில் தானே கையெழுத்துப் போட்டிருக்கு, எதெல்மிரா.
உலாவி அதை நம்பாது."
எனக்குச் சிரிப்பு.
எங்கள் சங்கத் தலைவர் செலவுச் சீட்டில்
வேறென்ன செய்கிறார்?

செவ்வாய்க்கிழமை வந்தாள்.
குறுக்குவழியின் வாலில் நாலு சொல் தட்டினாள்.
முக்கோணம் போயிற்று.
தராசுக்கு மட்டுமா, எல்லாவற்றுக்கும்:
வங்கிக்கு, வரி அலுவலகத்துக்கு,
இரவில் நான் திருட்டுத்தனமாகப் படம் பார்க்கும் இடத்துக்கு.
ஓயாமல் அழுத குழந்தை சட்டென்று அடங்கினால்
மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.
நான் மாத்தே ஊற்றிக் குடித்தேன்.

புதன் முழுக்க என் விரல்
பொத்தான் இருந்த இடத்தில்
வெறுந்திரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

வியாழன், விடிந்தும் விடியாமலும்,
காஸ்த்ரோ ஆய்வகத்திலிருந்து அழைப்பு.
சிவப்பலை. ஔகார் வரை கரையை மூடு.

சிவப்பென்பது பேருக்குத்தான்.
நீர் எப்போதும்போல் பச்சைச் சாம்பல்.
சிப்பி எப்போதும்போல் இனிக்கும்.
வேகவைத்தாலும் போகாத நஞ்சுக்கு
மணமில்லை, முக்கோணமில்லை.
முதலில் உதடு மரத்துப்போகும். அவ்வளவுதான் அறிவிப்பு.

எச்சரிக்கைப் பலகையைக் கிடங்கில் தேடினேன். காணோம்.
சுத்தியலோடு கரைக்கு ஓடினால்
அங்கே நிற்கிறது அது.
போன அக்டோபரில் நானே அடித்தது.
நவம்பரில் தடை நீங்கியது.
கழற்ற யாருக்கும் நேரமில்லை, எனக்கும்தான்.
ஆறு மாதமாய் அதன் காலடியில்தான் பொறுக்கினார்கள்.
யாரோ அதன்மேல் காலுறை காயப்போட்டிருந்தார்கள்.

முழங்கால் நீரில் எலியேசர் பாரியா, வாளியோடு.
"தடை போட்டாச்சு!" என்று கத்தினேன்.
"அதான் எழுதியிருக்கே"
பலகையைக் காட்டினான், பிரியமாக,
மறுபடி குனிந்தான்.

என்ன செய்ய?
ஆணிகளைப் பிடுங்கினேன்.
பலகையைத் தலைகீழாக வைத்து அடித்தேன்.
மண்டையோடு குப்புற,
எழுத்துகள் வௌவால்களாக.

சுத்தியல் சத்தத்துக்கு நிமிர்ந்தவன்
தலையை ஒருபக்கம் சாய்த்தான்.
உதடு அசைய, எழுத்தெழுத்தாக வாசித்தான்.
வாளியைக் கவிழ்த்துவிட்டு
ஒன்றும் பேசாமல் கரையேறினான்.

அலுவலகம் திரும்பி அந்த வாலை அழித்தேன்,
ஈரக் கையால், சொல் சொல்லாக.
முக்கோணம் வந்தது.
வந்துட்டியா என்றேன்.

மில்லராயைக் கூப்பிட்டேன்.
தராசை மட்டும் தெரிந்த முகமென்று
கணினிக்குச் சொல்லி வைக்கலாமாம். அரை மணி வேலை.
இதை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்றேன்.
"நீங்க சத்தத்தை நிறுத்தத்தானே சொன்னீங்க?"

தடை. இன்று மூட்டைகள் வரா.
ஆபத்தை ஏற்று உள்ளே போனேன்.
யாரும் தொடாத தராசு
நூற்றிருபது கிராம் காட்டியது.
எழுந்து மூன்றடி நடந்தேன்.

என் கையுறை.